நடந்து அளக்க முடியாத வயல்

நான் கேட்டது ஒரு பெட்டி. கணினித் திரையில் ஒரு பெயரை எழுதி உள்ளே போடுகிற சின்னப் பெட்டி. அரை நாள் வேலை என்று எங்கள் நிறுவனத்தின் தலைவரே என்னிடம் சொன்னார். அந்தப் பெட்டி வேண்டிய நேரத்தில் இல்லாததால் என் அக்காவுக்கு ஒரு போக விளைச்சல் இல்லாமல் போனது. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள், அட, இதற்கா இவ்வளவு கோபம் என்று பார்ப்பார்கள். இதற்குத்தான்.

சண்டை முடிந்து மீள்குடியேற்றம் நடந்துகொண்டிருந்த காலம் அது. முகாமிலிருந்து வெளியே விட்ட பிறகு வவுனியாவில் தங்கி, கணினி டிப்ளோமா ஒன்றை முடித்திருந்தேன். மன்னார்ப் பட்டினத்தில் இரும்புச் சாமான் கடை ஒன்றின் மேல்மாடியில் மென்பொருள் நிறுவனம் ஒன்று திறந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஆறு கதிரை, மூன்று மேசை, சுற்றும்போது முனகுகிற ஒரு மின்விசிறி. நிறுவனத்தின் தலைவர் கொழும்பில் பெரிய வேலையை விட்டுவிட்டு வந்தவர். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணா என்றுதான் கூப்பிட்டோம். "எங்கட பிள்ளையள் இனி மற்றவைக்கு ரைப் அடிச்சுக் குடுக்கிற ஆக்களா இருக்கக்கூடாது. புதுசா வாற எதையும் நாங்கள் முதல் தொடவேணும்" என்பார். கேட்கக் கேட்க நெஞ்சு நிமிரும். அவரை நான் சும்மா நம்பவில்லை, தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினேன். நான் வாயைத் திறந்தால் அண்ணா புராணம்தான் என்று அக்கா நக்கலடிப்பாள்.

அக்கா அப்போதுதான் எங்கள் ஊருக்குத் திரும்பியிருந்தாள். வெள்ளாங்குளம் போகிற வீதியிலிருந்து உள்ளே திரும்பினால் எங்கள் ஊர். ஒரு குளம், அதன் கீழே வயல், அவ்வளவுதான் ஊர். அவள் புருஷன், என் அத்தான், சண்டையின் கடைசி நாட்களில் காணாமல் போனவர். இரண்டு பெண் பிள்ளைகளுடன் தகரக் கொட்டில் ஒன்றில் இருந்தாள். அவளுக்குச் சீதனமாகக் கொடுத்த வயல் குளத்திலிருந்து தூரம். போய்ப் பார்க்கவும் வழியில்லை. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் வரம்பு முழுக்க நட்டிருந்தார்கள். மிதிவெடி எடுத்து முடிய இன்னும் எத்தனை மாதமோ என்று யாருக்கும் தெரியாது.

ஆனாலும் அக்கா விதைக்கலாம். அதற்கு எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. மழைக் காலத்தில் அவரவர் தங்கள் வயலை விதைப்பார்கள். கோடையில், சிறுபோகத்துக்கு, குளத்தில் மிஞ்சியிருக்கிற தண்ணீர் எல்லா வயலுக்கும் காணாது. ஆகவே குளத்தடியில் இருக்கிற வயல்களை மட்டும் விதைப்பது. அந்த வயல்கள் யாருடையவை என்று அந்தப் போகத்தில் பார்ப்பதில்லை. குளத்தின் கீழே காணி உள்ள எல்லோருக்கும் அதைப் பங்கு பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். சொந்தக்காரன் குத்தகை கேட்க மாட்டான், முகம் சுளிக்க மாட்டான். போகம் முடிய வயல் அவனிடம் திரும்பிப் போகும். அக்காவுக்கு அப்படி ஒரு பங்கு உண்டு. இடம்பெயர்ந்து போய்த் திரும்பிய பிறகு, தன் கையால் அவள் விதைக்கப்போகிற முதல் நெல் அது. விதைநெல்லையும் நிவாரணத்தில் வாங்கி, எலி ஏறாமல் கல் அடுக்கி வைத்திருந்தாள்.

பங்குப் பட்டியல் சண்டையில் அழிந்து போயிருந்தது. ஆகவே புதிதாக எழுதினார்கள். பள்ளிக்கூட மண்டபத்தில் கூடி, ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார்கள். பக்கத்து வயல்காரர் எழும்பி, ஓம், இவைக்குக் காணி உண்டு என்று சொல்ல வேண்டும். பிறகு கமக்காரர் அமைப்பின், அதாவது விவசாயிகள் சங்கத்தின், செயலாளர் மூன்று தரம் கேட்பார், யாருக்கும் ஆட்சேபனை உண்டா என்று. மூன்றாந்தரமும் மண்டபம் பேசாமல் இருந்தால் பெயர் எழுதப்படும். அக்காவின் பெயர் வந்தபோது பக்கத்து வயல்காரர் எழும்பி, "தகப்பன் மூத்த பிள்ளைக்குச் சீதனமாக் குடுத்த காணி. வரம்பு கட்டேக்க நானும் நிண்டனான்" என்று சொன்னார். யாரும் மறுக்கவில்லை. எழுதினார்கள்.

எங்கள் நிறுவனம் இதற்குள் வந்தது இப்படித்தான். வெளிநாட்டு உதவி அமைப்பு ஒன்று எங்கள் ஊர்க் கமக்காரருக்குக் கணினி வசதி செய்து கொடுக்க முன்வந்தது. வேலை அண்ணாவுக்குக் கிடைத்தது. அது என்னுடைய ஊர் என்பதால் என்னை அனுப்பினார். சனத்துக்கு என்ன தேவை என்று கேட்டு எழுதி வருவதுதான் என் வேலை.

செயலாளர் முன்பு கூட்டுறவுக் கடையில் மனேச்சராக இருந்தவர். சுற்றி வளைக்கத் தெரியாத மனிதர். "பிள்ளை, எங்களுக்கு ஒரு பட்டியல் வேணும். ஆருக்கு எத்தினை பங்கு, அவ்வளவுதான். பிழை வந்தாத் திருத்தக்கூடிய மாதிரி, அரசாங்கக் கந்தோரில குடுக்கக்கூடிய மாதிரி வடிவா அடிச்சுத் தாங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்" என்றார். நானும் அதை அப்படியே எழுதிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அண்ணா வாசித்துவிட்டுச் சிரித்தார்.

"பட்டியல் செய்யிறதுக்கு நாங்கள் என்னத்துக்கு? ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை செய்யும்."

"அவை கேட்டது அதுதானே அண்ணா."

"சனம் தங்களுக்குத் தெரிஞ்சதைத்தான் கேக்கும், தங்கச்சி. தெரியாததைக் காட்டுறதுதான் எங்கட வேலை."

அவர் காட்டப் போனது வரைபடம். செய்மதியிலிருந்து எடுத்த படத்தின் மேல் ஒவ்வொரு வயலும் நிறம் நிறமாகத் தெரியும். அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்த கைக்கணினி, எல்லோரும் டெப் என்று சொல்வது, அதைப் பிடித்துக்கொண்டு வயலின் நான்கு வரம்பிலும் நடக்க வேண்டும். நடக்க நடக்க எல்லை தானாகவே திரையில் விழும். அந்த எல்லைக்குள் எவ்வளவு நிலம் என்று பார்த்து, பங்கை இயந்திரமே பிரிக்கும். பட்டியலை நாங்கள் எழுத வேண்டியதில்லை, வரைபடத்திலிருந்து அதுவாக வரும்.

நான் விட்டுக்கொடுக்காமல் பேசினேன். இந்த ஊரில் பங்கு வரம்பிலிருந்து வருவதில்லை, பத்துப் பேர் வாயிலிருந்து வருகிறது என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னது இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். "இண்டைக்குப் பட்டியல் செய்து குடுத்தமெண்டா, நாளைக்கும் பட்டியல்தான் தருவினம். புதுசு தெரிஞ்ச ஆக்கள் எண்டு கொழும்பில இருந்து வந்து நிப்பினம். நாங்கள் படியில நிண்டு பாக்கவேண்டியதுதான்." அதில் உண்மை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அந்த மேல்மாடியில் படித்த பிள்ளைகள் இன்றைக்கு நல்ல நல்ல இடங்களில் இருக்கிறார்கள். அந்த வரைபடத்தைக் காட்டித்தான் போனார்கள். நானும் அதில் ஒருத்தி.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த டெப் எனக்குப் பிடித்திருந்தது. ஒரு மாதம் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வரம்பு வரம்பாக நடந்தேன். தொப்பியும் கழுத்தில் அடையாள அட்டையுமாக நான் நடக்க, ஊர்ச் சனம் வேலையை விட்டுவிட்டுப் பார்க்கும். என் காலுக்குப் பின்னால் நீலக் கோடு ஒன்று திரையில் வளர்ந்து வந்து தொடங்கிய இடத்தில் மூடும்போது, எனக்குள் ஒரு புளுகம், சின்னப் பிள்ளையின் சந்தோசம். தேவை என்ன என்று கேட்கப் போனவள், கேட்பதை எப்போது நிறுத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை.

சிவப்புப் பலகை வந்த இடத்தில்தான் நின்றேன். அக்காவின் வயலுக்குள் யார் கால் வைப்பது? அவளுடையது மட்டுமில்லை, அந்தப் பக்கத்தில் இன்னும் சில குடும்பங்களின் காணியும் அப்படியே கிடந்தது. நடக்காத வயலுக்கு எல்லை இல்லை. எல்லை இல்லாத வயல் வரைபடத்தில் இல்லை. வரைபடத்தில் இல்லாதவருக்குப் பங்கு இல்லை. அன்றைக்கே பஸ் பிடித்து மன்னாருக்குப் போனேன்.

"அண்ணா, ஒரு பெட்டி போட்டுத் தாங்கோ. நடக்க ஏலாத காணிக்காரரின்ர பேரையும் பங்கையும் கையால எழுதி உள்ள போட."

"இதுக்கே இவ்வளவு பதறுறீர்? அரை நாள் வேலை. போட்டுத் தாறன்."

"என்ர அக்காவும் அதுக்குள்ள இருக்கிறா."

"உம்மட அக்கா எனக்கும் அக்காதானே. யோசியாதேயும்."

நான் யோசிக்கவில்லை. ஊருக்கு வந்து அக்காவிடமும் மற்றக் குடும்பங்களிடமும் சொன்னேன், உங்கள் பெயர்கள் கட்டாயம் வரும் என்று. அக்கா அதற்குப் பிறகு ஒரு கேள்வி கேட்கவில்லை. விதைநெல்லைப் பிள்ளைகளோடு சேர்ந்து புடைத்துக் காயவைத்தாள்.

சிறுபோகக் கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. அந்தக் கூட்டத்தில்தான் எத்தனை நாளைக்கு ஒரு தரம் தண்ணீர் திறப்பது, யார் யாருக்குப் பங்கு என்று முடிவெடுத்து அதிகாரிகளும் கமக்காரரும் கையெழுத்து வைப்பார்கள். கையெழுத்து விழுந்தால் பிறகு அதில் ஒரு எழுத்தையும் மாற்றுவது கடினம். நீர்ப்பாசனப் பொறியியலாளர் வந்திருந்தார், பிரதேச செயலகத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார், உதவி அமைப்பைச் சேர்ந்த வெள்ளைக்காரப் பெண்மணி முன் வரிசையில் இருந்தார். அண்ணா புதுச் சேர்ட்டோடு வந்து நின்று பேசினார். நான் கணினியையும் புரொஜெக்டரையும் இயக்கினேன்.

சுவரில் எங்கள் ஊர் விழுந்தது. குளம் நீலமாக, வயல்கள் பச்சையும் மஞ்சளுமாக. ஒரு வயலில் தட்டினால் சொந்தக்காரரின் படமும் பெயரும் வந்தன. சனம் வாயைப் பிளந்து பார்த்தது. அந்தப் பெண்மணி கைதட்ட, அதிகாரிகளும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகு அண்ணா ஒரு பொத்தானை அழுத்தச் சொன்னார். அச்சியந்திரத்திலிருந்து பங்குப் பட்டியல் தாள் தாளாக வந்தது. செயலாளர் அதை எடுத்துப் பெயர்களைச் சத்தமாக வாசித்தார்.

அக்காவின் பெயர் வரவில்லை. சிவப்புப் பலகைப் பக்கத்துக் குடும்பங்களில் ஒருவரின் பெயரும் வரவில்லை.

நான் கணினியில் பெட்டியைத் தேடினேன். முந்தின கிழமை அது திரையின் ஓரத்தில் இருந்தது. நானே அக்காவின் பெயரை அதில் எழுதிப் பார்த்திருந்தேன். இப்போது அந்த இடம் வெறுமையாக இருந்தது. எழும்பிப் போய் அண்ணாவின் காதோடு கேட்டேன். "பெட்டி எங்க அண்ணா?"

அவர் முகத்தில் சிரிப்பு மாறவில்லை. உதடு மட்டும் அசைந்தது. "பின்னேரம் போட்டு விடுவம். இப்ப எல்லாருக்கும் முன்னால கூட்டத்தைக் குழப்பாதேயும்."

"கையெழுத்து வைக்கப் போகினம்."

"நான் சொல்லுறன் எல்லே? பின்னேரம்."

திரும்பி வந்து என் இடத்தில் நின்றேன். பெண்கள் பக்கம் மூன்றாவது வாங்கில் அக்கா உட்கார்ந்திருந்தாள். கண்ணை என்னிலிருந்து எடுக்கவில்லை. என்ன இது என்று கேட்கிற பார்வை. பக்கத்து வயல்காரர், வரம்பு கட்டும்போது நானும் நின்றேன் என்று சொன்ன அதே மனிதர், குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் குறைந்தால் மிஞ்சியவர்களின் பங்கு கூடும் என்று அங்கே யாருக்கும் கணக்குச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. அவர்களும் வருடக்கணக்காகப் பட்டினி கிடந்து வந்தவர்கள்தான். அதனால் அவர்களை நான் மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை.

செயலாளர் வழக்கப்படி கேட்டார். "பட்டியலில ஆருக்கும் ஆட்சேபனை உண்டோ?" ஒரு தரம். இரண்டாந்தரம். நான் அக்காவைப் பார்த்து, இருங்கோ, பிறகு பார்ப்போம் என்று கையைக் காட்டினேன். மூன்றாந்தரமும் கேட்டார். மண்டபம் பேசவில்லை. பொறியியலாளர் பேனையைத் திறந்தார்.

பின்னேரம் அண்ணா அந்தப் பெண்மணியோடு உதவி அமைப்பின் வான் வண்டியில் ஏறி மன்னாருக்குப் போய்விட்டார். தொலைபேசியை எடுக்கவில்லை. அடுத்த நாள் காலை முதல் பஸ்ஸில் போய் அவர் மேசைக்கு முன்னால் நின்றேன்.

"பெட்டியை ஆர் எடுத்தது?"

"நான்தான் எடுக்கச் சொன்னனான்." அதைச் சொல்ல அவருக்குக் கூச்சமே இருக்கவில்லை. "அது இருந்தா அந்தப் பேரெல்லாம் உறுதிப்படுத்தாததெண்டு சிவப்பு வரியா வரும். மேடையில சிவப்பு சிவப்பா வந்தா அந்த அம்மா என்ன நினைப்பா? அடுத்த கட்ட வேலையை எங்களுக்குத் தருவாவா? ரெண்டாங் கட்டத்தில சேர்ப்பம்."

"தண்ணி வாற கிழமை திறக்கினம், அண்ணா."

"இது மென்பொருள், தங்கச்சி. படிப்படியாத்தான் வரும். உதவி அமைப்புக்குக் குடுத்த அறிக்கையில எல்லாம் ஒழுங்கா இருக்கு, பாரும்."

அறிக்கையை என் பக்கம் தள்ளினார். ஆங்கிலத்தில் வழவழப்பான தாளில் அடித்திருந்தது. நடக்க முடியாத காணிகள் இரண்டாம் கட்டத்தில் சேர்க்கப்படும், அதற்குக் கமக்காரர் சம்மதம் என்று ஒரு வரி. அதன் கீழே, தேவைகளைக் கேட்டு எழுதியவர் என்று என் பெயர். யாரும் அப்படிச் சம்மதிக்கவில்லை. நான் அப்படி எழுதவில்லை. என் பெயரை வைத்தே என் அக்காவின் கழுத்தை அறுத்திருந்தார். கத்த வேண்டும் போலிருந்தது, ஆனால் கண்ணீர்தான் வந்தது. அதை அவர் பார்த்ததுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி அவர் மேசையில் வைத்துவிட்டு இறங்கி வந்தேன்.

செயலாளரிடம் போனேன். அவர் கையை விரித்தார். "கையெழுத்து வைச்சுக் கந்தோருக்குப் போயிட்டுது, பிள்ளை. மாத்துறதெண்டா திரும்பக் கூட்டம் போடவேணும். அதுக்கிடையில சனம் உழத் தொடங்கிட்டுது. இனி ஆர் தன்ர பங்கில இருந்து வெட்டித் தருவினம்?" நான் கேட்கக் கேட்க அவர் வேறு பக்கம் பார்த்தார். பெரிய அதிகாரியைப் பார்க்க இரண்டு நாள் கந்தோர் வாசலில் நின்றேன். கணினியில் இருக்கிறபடிதான் செய்யலாம் என்று பதில் வந்தது. இரண்டாங் கட்டம் வரவே இல்லை. உதவி அமைப்பு வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டது.

இப்போது நான் வேறொரு நிறுவனத்தில் இதே வேலையைத்தான் செய்கிறேன். புதிய தொழில்நுட்பமா, வாடிக்கையாளரின் தேவையா, எது முதல் என்று கூட்டம் போட்டுப் பேசுவார்கள். இரண்டும் வேண்டும் என்று யாராவது அழகாக முடிப்பார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றும். புதியது கூடாது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. வரைபடத்தை வைத்துக்கொள்ளுங்கள், பெட்டியையும் போடுங்கள் என்றுதான் சொன்னேன். இரண்டில் ஒன்றை எடுக்க வேண்டிய நேரம் வந்தபோது மேடையில் எது பளபளத்ததோ அதை எடுத்தார்கள். கேட்டவனின் வயிறு அந்தக் கணக்கில் வரவே இல்லை.

அந்தப் போகத்தில் குளத்தடி பச்சையாக வளர்ந்து நின்றபோது அக்காவைத் தேடிப் போனேன். பக்கத்து வயல்காரரின் பங்கில் கூலிக்குப் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் வரம்புக்கு ஏறி, வாய்க்காலில் கை கழுவினாள். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். பெட்டியை எடுத்தது, அறிக்கையில் பொய் எழுதியது, என் பெயரைப் போட்டது, கடவுளாக நினைத்த மனிதர் என்னை இப்படி ஏமாற்றியது. கடைசி வரைக்கும் கேட்டாள்.

"அண்டைக்கு மூண்டாந்தரம் கேக்கேக்க நான் எழும்பத்தான் வெளிக்கிட்டனான்" என்றாள். "எனக்குச் சொல்லத் தெரியும். என்ர காணி, என்ர பங்கு, மண்டபத்தில எழும்பிச் சொன்னா எழுதத்தான் வேணும். நீ கையைக் காட்டினாய். இருந்திட்டன்."

அவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு திரும்ப வயலுக்குள் இறங்கினாள்.

"உன்னை அவர் ஏமாத்திப்போட்டார் எண்டு நீ ஊரெல்லாம் சொல்லுவாய்" என்றாள், குனிந்தபடியே. "நான் ஆரைச் சொல்லுறது?"